கண் சீட்டில் எழுதியிருப்பது

வலது கண் 6/18. பின்ஹோல் வைத்தால் 6/6. கண் மருத்துவமனைச் சீட்டில் இப்படி ஒரு வரி இருந்தால், நோயாளி உள்ளே வந்து உட்காரும் முன்பே மருத்துவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். பார்வை மங்கல்தான், ஆனால் அது பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகிவிடும் மங்கல். விழித்திரையின் நடுப்பகுதியும் பார்வை நரம்பும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அதே வரி 'பின்ஹோல் வைத்தாலும் 6/18' என்று இருந்தால் நிலைமை வேறு. புரையா, விழித்திரைக் கோளாறா, நரம்புப் பாதிப்பா என்று தேடத் தொடங்க வேண்டும்.

அந்த வரியை எழுதியவர் மருத்துவர் அல்லர். வெளியறையில் நம்மைச் சுவரோரம் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்துகளைப் படிக்கச் சொன்னாரே ஒரு பெண், அவர் எழுதியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் கண்டுகொண்ட முக்கியமான விஷயங்களில் ஒன்று, கண் பரிசோதனையின் பெரும்பகுதி அளவெடுக்கும் வேலை என்பது. அதைப் பொறுமையும் ஒழுங்கும் உள்ள யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியும். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து அந்த வேலையில் அமர்த்தினார்கள். மருத்துவரின் நேரம் முடிவெடுப்பதற்கும் அறுவைக்கும் மிஞ்சியது. இன்று தமிழ்நாட்டில் சிறிய கண்ணாடிக் கடை முதல் பெரிய கண் மருத்துவமனை வரை இந்த உதவியாளர்களை நம்பித்தான் நடக்கின்றன.

அவர்கள் முதலில் கற்பது சொற்களை. கண் உதவியாளருக்கான பாடப்புத்தகத்தைப் புரட்டினால் வெறும் கலைச்சொல் பட்டியல் போலத் தோன்றும். உண்மையில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலின் பெயர். எப்படி அளந்தோம், எந்த நிலையில் அளந்தோம், எதற்கு முன்னால் அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சீட்டில் உள்ள எண்ணுக்குப் பொருள். நோயாளிகளாகிய நாமும் இதைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்தச் சீட்டு நம் கண்ணைப் பற்றியது.

எல்லாருக்கும் தெரிந்த 6/6-இலிருந்து தொடங்கலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்ட எழுத்துப் பலகையிலிருந்து வந்த முறை இது. அதற்கு முன்பும் எழுத்துப் பலகைகள் இருந்தன. அவற்றில் எழுத்தின் அளவுக்குத் திட்டமான கணக்கு இல்லை. ஸ்னெல்லன் எழுத்தைக் கோணத்தால் அளந்தார். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை. கண்ணில் 5 கலை கோணம் உண்டாக்கும் எழுத்து, அதன் ஒவ்வொரு கோடும் 1 கலை தடிமன்: அதைப் படிக்க முடிந்தால் இயல்பான பார்வை என்று வைத்துக்கொண்டார். 6 மீட்டர் தூரத்தில் அப்படிப்பட்ட எழுத்தின் உயரம் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர். பலகையின் உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து அதைப்போலப் பத்து மடங்கு, கிட்டத்தட்ட 87 மில்லிமீட்டர். இயல்பான கண் அதை 60 மீட்டரிலிருந்தே படித்துவிடும். 6 மீட்டரில் நின்று அதை மட்டுமே படிக்க முடிகிறவருக்கு 6/60.

ஆக, மேலே உள்ள எண் நோயாளி உட்கார்ந்திருக்கும் தூரம். கீழே உள்ளது அந்த எழுத்தை இயல்பான கண் படிக்கக்கூடிய தூரம். இதைப் பின்னமாக நினைத்து 6/12 என்றால் பாதிப் பார்வை போய்விட்டது என்று கலங்குகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. 6/12 பார்வையோடு பெரும்பாலான அன்றாட வேலைகளைச் செய்ய முடியும். அமெரிக்காவில் அடிக்கணக்கில் 20/20 என்பார்கள். அளவு ஒன்றுதான்.

6 மீட்டர் ஏன்? அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. கண்ணின் உள்லென்ஸ் தன்னைக் குவித்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்காது. அறை சிறிதாக இருந்தால் 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, நோயாளியின் தலைக்கு மேலே இருக்கும் பலகையின் பிம்பத்தைப் படிக்கச் சொல்வார்கள். ஒளி போய்வரும் தூரம் 6 மீட்டராகிவிடும்.

இனி அளவெடுக்கும் விதம். முதலில் வலது கண், பிறகு இடது. எப்போதும் இதே வரிசை. சீட்டில் எண்கள் இடம் மாறாமல் காப்பது இந்தப் பழக்கம்தான். மூடும் கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், விரல்களால் கூடாது. விரலிடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள், குறிப்பாகக் குழந்தைகள். அழுத்தியும் மூடக் கூடாது. அழுத்தினால் கருவிழி சற்று நேரம் உருமாறி, அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். இன்னொன்று, கண்ணைச் சுருக்கிப் பார்க்க விடக் கூடாது. இமைகளைச் சுருக்கும்போது இடையில் உண்டாகும் மெல்லிய இடுக்கு, பவர் குறையின் மங்கலைத் தற்காலிகமாகத் தெளிய வைத்துவிடும். அப்படி எடுத்த 6/9 உண்மையில் 6/24-ஆக இருக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாலு பக்கமும் திரும்பிய மூன்று பல் கொண்ட வடிவம் இருக்கிறது, பல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்வார்கள். ஊர்ப்பக்க முகாம்களில் வயதானவர்கள் இதைக் கூச்சத்தோடு செய்வதுண்டு. தனக்குப் படிப்பு இல்லை என்பதைச் சோதிக்கிறார்களோ என்ற தயக்கம். "பாட்டி, இது படிப்புப் பரீட்சை இல்ல, கண்ணுக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிற உதவியாளருக்குச் சரியான அளவு கிடைக்கும்.

உச்சி எழுத்தும் தெரியவில்லை என்றால் 'பார்வை இல்லை' என்று எழுதிவிட முடியாது. நோயாளியை ஒவ்வொரு மீட்டராக முன்னால் நகர்த்துவார்கள்: 5/60, 4/60, 3/60, 2/60, 1/60. அதுவும் முடியாவிட்டால் விரல்களை எண்ணச் சொல்வார்கள். பிறகு கை அசைவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக டார்ச் வெளிச்சம்: ஒளி தெரிகிறதா, தெரிந்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறது? முற்றிப் பழுத்த புரை உள்ள கண்ணுக்கு இந்தக் கேள்வியைவிட முக்கியமானது எதுவும் இல்லை. புரைக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையை மருத்துவரால் நேரே பார்க்க முடியாது. மேல், கீழ், இடம், வலம் என நாலு திசையிலிருந்தும் வரும் ஒளியை நோயாளி சரியாகச் சொன்னால் விழித்திரை உயிரோடு இருக்கிறது, அறுவை செய்தால் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு என்று நம்பலாம். ஒளியே தெரியவில்லை என்றால் அறுவையால் பார்வை கிடைக்காது.

இந்தக் கீழ்ப்படிகளுக்குச் சட்டத்திலும் எடை உண்டு. இந்தியாவில் பார்வையிழப்பைக் கணக்கிடும் தேசியத் திட்டம் நெடுங்காலம் 6/60-ஐ எல்லையாக வைத்திருந்தது. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு இணங்க அதை 3/60-ஆக மாற்றினார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணில், இயன்றவரை சிறந்த கண்ணாடி போட்ட பிறகும் 3/60-க்குக் குறைவாக இருந்தால் பார்வையின்மை என்கிறது. 'கண்ணாடி போட்ட பிறகும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பார்வை அளவுக்குப் பக்கத்தில் கண்ணாடியுடன், கண்ணாடி இல்லாமல் என்று உதவியாளர் எழுதும் சிறு குறிப்பு ஒருவரின் ஓய்வூதியத்தையும் இடஒதுக்கீட்டையும் தொடுகிறது. அந்தக் குறிப்பு இல்லாத 6/36, என்னைப் பொறுத்தவரை, எழுதப்படாத 6/36.

பின்ஹோலுக்கு வருவோம். கறுப்புத் தகட்டில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் ஊசித்துளை. பவர் குறை உள்ள கண்ணில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி விழித்திரையில் புள்ளியாகக் கூடாமல் ஒரு வட்டமாகப் பரவி விழுகிறது. துளை, ஓரத்துக் கதிர்களைத் தடுத்து நடுவில் வரும் மெல்லிய கற்றையை மட்டும் உள்ளே விடுகிறது. வட்டம் சுருங்குகிறது, எழுத்து தெளிகிறது. லென்ஸ் எதுவும் மாட்டாமல், எந்த இயந்திரமும் இல்லாமல், 'கண்ணாடி போட்டால் தெரியுமா' என்ற கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடுகிறது. விழித்திரையின் நடுப்பகுதியே கெட்டிருந்தால் துளை உதவாது. வெளிச்சம் குறைவதால் சில சமயம் இன்னும் மோசமாகத் தெரியும். மலிவான கருவிகளில் இவ்வளவு சொல்லக்கூடியது வேறு இல்லை என்பது என் எண்ணம். பல கண்ணாடிக் கடைகளில் இது மேசைக்குள்ளேயே கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து பவர் சீட்டு. ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ், கிட்டத்துக்கு 'ஆட்' என்று நாலு கட்டங்கள். எண்கள் டையாப்டரில் இருக்கும். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் மொனுவாயே 1872-ல் முன்மொழிந்த அலகு இது. லென்ஸ் ஒளியைக் குவிக்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் டையாப்டர். அரை மீட்டரில் குவித்தால் 2. கண்ணின் மொத்தப் பவர் ஏறக்குறைய 60. அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கும் கருவிழியுடையது, மீதி உள்லென்ஸுடையது. கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கிட்டத்தட்ட 3 டையாப்டர் கிட்டப்பார்வை வந்துவிடும். வளரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு மைனஸ் ஏறுவது இதனால்தான். கண் நீள்கிறது.

இங்கே உதவியாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரு சொல் உண்டு. புத்தகத்தில் தூரப்பார்வை என்றால் கிட்டத்தில் பார்க்கச் சிரமப்படும், பிளஸ் பவர் தேவைப்படும் குறை. வெளியறையில் உட்கார்ந்திருக்கும் அம்மா "எனக்குத் தூரப்பார்வை" என்றால் பெரும்பாலும் தூரத்தில் தெரியவில்லை என்கிறார், அதாவது நேர் எதிர். அவர் சொன்னதை அப்படியே சீட்டில் ஏற்றக் கூடாது. "பஸ்ஸுல போர்டு தெரியலையா, இல்ல அரிசியில கல்லு பொறுக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சிலிண்டர் என்பது பெரும்பாலும் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததால் தேவைப்படுவது. நெடுக்கில் ஒரு பவர், குறுக்கில் ஒரு பவர் என்றால் ஒளி ஒரே இடத்தில் கூடாது. 1801-ல் தாமஸ் யங் தன் கண்ணிலேயே இந்தக் குறையைக் கண்டு எழுதினார். 1820-களில் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் தன் இடது கண்ணுக்கு வேண்டிய லென்ஸைக் கணக்கிட்டு, ஒரு கண்ணாடித் தொழிலாளியிடம் சொல்லிச் செய்வித்துப் போட்டுக்கொண்டார். உலகில் கோடிக்கணக்கானவர்கள் மாட்டியிருக்கும் சிலிண்டர் கண்ணாடியின் தொடக்கம் அங்கேதான்.

சிலிண்டருக்குத் திசை உண்டு. அதைச் சொல்வது ஆக்சிஸ், 1 முதல் 180 பாகை வரை. இந்த எண்ணை ஏதோ கூடுதல் விவரம் என்று நினைத்து அலட்சியமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2 டையாப்டர் சிலிண்டர் தேவைப்படும் கண்ணுக்கு, பவர் சரியாக இருந்து ஆக்சிஸ் மட்டும் 15 பாகை விலகினால், ஏறக்குறைய பாதிக் குறை அப்படியே மிச்சம் இருக்கும். 30 பாகை விலகினால் 2 டையாப்டர் குறையும் முழுதாக மிச்சம், அதுவும் வேறு திசையில். கண்ணாடி போட்டும் போடாதது போல, கூடவே தலைவலி. 30 பாகை எப்படி விலகும்? 160 என்பதை 130 என்று படித்தால் விலகும். 6-ஐயும் 0-வையும் 3-ஐயும் தெளிவாக எழுதாத ஒரு கை போதும். மைனஸ் குறி விடுபட்டால் இன்னும் மோசம்: மைனஸ் 2 தேவைப்படுகிறவருக்கு பிளஸ் 2 போனால் தவறு 4 டையாப்டர். அதனால்தான் குறியை எப்போதும் போட வேண்டும், பிளஸ் என்றாலும் போட வேண்டும், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுத வேண்டும் என்று பயிற்சியில் அத்தனை வற்புறுத்துகிறார்கள்.

பல வீடுகளில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஓர் இடத்தில் பிளஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 2.00, ஆக்சிஸ் 90 என்று கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் மைனஸ் 1.00, சிலிண்டர் பிளஸ் 2.00, ஆக்சிஸ் 180. யார் சொல்வது சரி? இரண்டும் ஒரே கண்ணாடிதான். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர். சிலிண்டரின் குறியை மாற்ற வேண்டும். ஆக்சிஸை 90 பாகை திருப்ப வேண்டும். இதை 'டிரான்ஸ்போசிஷன்' என்பார்கள். கண்ணாடிக் கடை உதவியாளர் தினமும் செய்யும் கணக்கு இது.

லென்ஸின் நடுப்புள்ளி கண்பாவைக்கு நேரே இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. இரு கண்பாவைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் 'பி.டி.' என்று எழுதுவார்கள். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 60 மில்லிமீட்டருக்குச் சற்று முன்னும் பின்னும். நடுப்புள்ளி தவறினால் லென்ஸ் முப்பட்டகம் போல வேலை செய்யத் தொடங்கும். எத்தனை சென்டிமீட்டர் விலகல் என்பதைப் பவரால் பெருக்கினால் முப்பட்டக விளைவு. 6 டையாப்டர் கண்ணாடியில் 3 மில்லிமீட்டர் தவறினால் 1.8. கண் அதை ஈடுகட்ட ஓயாமல் உழைக்கும். புதுக் கண்ணாடி தலையைச் சுற்றுகிறது என்று திரும்பி வருகிறவர்களில் சிலருக்கு பவரில் பிழையே இருக்காது. அளவுகோலை மூக்கின் மேல் வைத்த கையில்தான் பிழை.

'ஆட்' நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. உள்லென்ஸ் இறுகி, கிட்டத்தில் குவிக்கும் திறன் குறைவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். நாற்பதில் 1 டையாப்டர் அளவில் தொடங்கி அறுபதில் 2.50 வரை கூடும். இதை நோயென்று யாரும் எண்ணுவதில்லை, படிக்காதவர்களுக்கு எதற்கு என்ற நினைப்பும் இருக்கிறது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களோடு ஒப்பிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை, கொழுந்தைத் தேடிப் பறித்தார்கள். கிட்டத்துப் பார்வையைச் சோதித்து எழுதாமல் விட்ட ஒரு கட்டத்துக்குள் இவ்வளவு கூலி அடங்கியிருக்கிறது.

இதுவரை சொன்னவை கண்ணாடிக்கான சொற்கள். நோயைத் தேடும் சொற்களுக்கு வந்தால், வரிசை முக்கியமாகிவிடுகிறது. கண்ணில் மருந்து விட்டு, கண்பாவை விரியும்வரை உட்கார வைப்பார்கள் அல்லவா? அந்தச் சொட்டு விழுவதற்கு முன் சிலவற்றை முடித்தே ஆக வேண்டும். பார்வை அளவு, கண்பாவையின் துலங்கல், கண் அழுத்தம், முன்னறையின் ஆழம். சொட்டு விழுந்த பிறகு இவற்றில் சிலவற்றை அன்றைக்கு எடுக்கவே முடியாது.

கண்பாவைச் சோதனைக்கு ஒரு டார்ச் போதும். இருட்டறையில் ஒளியை ஒரு கண்ணிலிருந்து மறுகண்ணுக்கு ஊசலாட்ட வேண்டும். இரு கண்களும் நன்றாக இருந்தால் எந்தக் கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு பாவைகளும் சுருங்கியே இருக்கும். ஒரு பக்கத்துப் பார்வை நரம்பு பழுதாகியிருந்தால், ஒளி அந்தக் கண்ணுக்கு மாறும்போது பாவைகள் சுருங்காமல் விரியும். மூளைக்குக் குறைவான ஒளிச் செய்தி போவதே காரணம். சீட்டில் 'ஆர்.ஏ.பி.டி.' என்று நாலெழுத்தில் வருவது இதுதான். சொட்டு போட்டுப் பாவையை விரித்துவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துவிடும். மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பிறகு அதை மீட்க முடியாது.

முன்னறை என்பது கருவிழிக்கும் அதன் பின்னால் நிறத்தோடு தெரியும் திரைக்கும் இடைப்பட்ட நீர் நிறைந்த இடம். சிலருக்கு அது ஆழமில்லாமல் குறுகியிருக்கும். அவர்களுக்குப் பாவையை விரித்தால் நீர் வடியும் கோணம் அடைபட்டு, சில மணி நேரத்தில் கண் அழுத்தம் கடுமையாக ஏறிவிடக்கூடும். கண்ணின் பொட்டுப்பக்கத்திலிருந்து டார்ச்சைக் கிடையாக அடித்தால், மூக்குப்பக்கத்து நிறத்திரையில் நிழல் விழுகிறதா என்று பார்க்கலாம். நிழல் விழுந்தால் மருத்துவரைக் கேட்காமல் சொட்டு விடக் கூடாது.

கண் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் எழுதுவார்கள். 10 முதல் 21 வரை இயல்பு என்பது புத்தகக் கணக்கு. ஆனால் தனியாக நிற்கும் 18-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தக் கருவியில் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது? கண் அழுத்தம் நாளுக்குள் ஏறி இறங்கும். காற்றை ஊதும் கருவியா, அல்லது சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் வடிவமைத்த, கருவிழியை 3.06 மில்லிமீட்டர் விட்டத்துக்குத் தட்டையாக்கி அளக்கும் கருவியா? கருவிழியின் தடிமன் என்ன? மெல்லிய கருவிழியில் எண் குறைத்துக் காட்டும், தடித்ததில் கூட்டிக் காட்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களின் கருவிழி மெலிந்திருக்கும். உள்ளே உண்மையில் இருக்கும் அழுத்தத்தைவிடக் கருவி காட்டுவது குறைவு. "முன்னாடி கண்ணாடி போட்டிருந்தீங்களா? எடுக்கறதுக்கு ஏதாவது சிகிச்சை செஞ்சீங்களா?" என்ற ஒரு கேள்வி கேட்கப்படாவிட்டால், வலியில்லாமல் ஓரத்துப் பார்வையைத் தின்றுகொண்டு வரும் கண் அழுத்த நோய் இயல்பான எண்ணுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும்.

உதவியாளரின் கை நேரடியாக முடிவைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை ஒலியலையால் அளக்கும் 'ஏ-ஸ்கேன்'. புரை பிடித்த லென்ஸை எடுத்துவிட்டு வைக்கப்போகும் செயற்கை லென்ஸின் பவர், இரண்டு அளவுகளைப் பொறுத்தது: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. வளைவைச் சீட்டில் 'கே' என்று எழுதுவார்கள். சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் ஆகிய மூவரின் பெயரால் 1980-ல் வந்த எளிய சூத்திரம் இன்றும் பாடத்தில் உண்டு. லென்ஸ் வகைக்குரிய ஒரு மாறிலியிலிருந்து, நீளத்தின் இரண்டரை மடங்கையும் கே-யின் 0.9 மடங்கையும் கழிக்க வேண்டும். மாறிலி 118, நீளம் 23.5, கே 44 என்றால் விடை 19.65. இப்போது இதைவிட நுட்பமான சூத்திரங்கள் பயன்படுகின்றன. ஆனால் கழித்தலில் இருக்கும் அந்த இரண்டரையை மறக்கக் கூடாது.

தொட்டு அளக்கும் முறையில், மரத்துப்போகச் சொட்டு விட்டு, ஒலியலை அனுப்பும் பேனா போன்ற முனையைக் கருவிழியில் வைப்பார்கள். கருவிழி மென்மையானது. முனையைச் சற்று அழுத்தினாலும் உள்வாங்கும். 0.4 மில்லிமீட்டர் அழுந்தினால் கண் அத்தனை குட்டையாகப் பதிவாகும்; லென்ஸ் பவர் 1 டையாப்டர் கூடிவிடும். அறுவை மிகச் சிறப்பாக நடந்திருக்கும், புண் நன்றாக ஆறியிருக்கும், நோயாளிக்கு மட்டும் தூரம் மங்கலாகவே இருக்கும். இதைத் தவிர்க்கப் பல முறை அளந்து, அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள். இரு கண்களின் நீளமும் மிகவும் வேறுபட்டால் மீண்டும் எடுப்பார்கள். நீர்க்கிண்ணம் வைத்து, முனை கண்ணைத் தொடாமலே அளக்கும் முறையும் உண்டு. ஒளியால் அளக்கும் இயந்திரங்கள் பெரிய மருத்துவமனைகளில் பரவிவிட்டன. ஆனால் கெட்டியாக முற்றிய புரையை அந்த ஒளி ஊடுருவாது. அங்கே இன்னும் அந்தப் பெண்ணின் விரல் அழுத்தம்தான் கணக்கு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் சில நாள் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கே எடுக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் கருவிழியின் வளைவை மாற்றி வைத்திருக்கும்.

சுருக்கெழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லத்தீன் வழக்கப்படி வலது கண்ணுக்கு 'ஓ.டி.', இடது கண்ணுக்கு 'ஓ.எஸ்.', இரண்டுக்கும் 'ஓ.யு.' என்று எழுதுவது உலகெங்கும் உண்டு. நம் ஊர் மருந்துச் சீட்டில் 'ஓ.டி.' என்றால் நாளுக்கு ஒருமுறை. ஒரே காகிதத்தில் இந்த இரண்டும் வந்தால் சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்கு, எத்தனை முறை என்பது குழம்பும். அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிடும் ஆபத்தான சுருக்கங்களின் பட்டியலில் இந்த மூன்றுமே இருக்கின்றன. இந்தியாவின் பல கண் மருத்துவமனைகளில் 'ஆர்.இ.', 'எல்.இ.' என்று எழுதுகிறார்கள், அது தேவலாம். நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் 'வலது கண்' என்று தமிழிலேயே முழுதாக எழுதுவது இன்னும் நல்லது. இரண்டே சொல்தான், நேரம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது.

நோயாளி தன் வாயால் சொல்வதை எழுதுவதும் ஒரு கலை. "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது" என்று வருகிறவர்கள் ஏராளம். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்குவதால் பலருக்கும் வருவது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் பூச்சிகள் திடீரெனக் கூட்டமாக வந்தனவா, மின்னல் வெட்டுவது போலத் தெரிகிறதா, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குகிறதா என்று கேட்டாக வேண்டும். இதில் ஏதேனும் ஒன்றுக்கு ஆமென்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம், பிரியத் தொடங்கியிருக்கலாம். அவரை வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. 'மங்கல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்த அவசரத்தைப் புதைத்துவிட்டால், வரிசை நகர்ந்து முடிவதற்குள் நடுப்பார்வை போய்விடலாம்.

எல்லாவற்றுக்கும் முன் பார்வை அளவு என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தி விளையாடும் குழந்தையின் கண்ணில் சுண்ணாம்பு பீய்ச்சியடிப்பது நம் ஊர்களில் நடக்கிற கொடுமை. சுண்ணாம்பு காரம். அமிலம் மேல்படலத்துப் புரதத்தை உறைய வைத்து ஓரளவு அங்கேயே நின்றுவிடும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அந்தக் குழந்தை வந்ததும் பெயர் கேட்கக் கூடாது, எழுத்துப் பலகை முன் நிறுத்தக் கூடாது, சீட்டுப் போட வரிசையில் விடக் கூடாது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமையைப் புரட்டிச் சுண்ணாம்புத் துகள்களைத் துடைத்தெடுத்து, குறைந்தது அரை மணி நேரம் சலைன் ஓட விட வேண்டும். வீட்டில் நடந்தால் குழாய்த் தண்ணீரே போதும், உடனே, அங்கேயே, நிறைய. கழுவி முடித்துச் சில நிமிடம் கழித்து இமையின் உள்மடிப்பில் லிட்மஸ் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். காரம் இன்னும் இருந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். தாள் நடுநிலையைக் காட்டிய பிறகுதான் அந்தக் குழந்தையின் சீட்டில் பார்வை அளவு எழுதப்படும். எந்த நேரத்தில் சுண்ணாம்பு பட்டது, எந்த நேரத்தில் கழுவத் தொடங்கினோம் என்ற இரண்டும் அதற்கு மேல் வரியில் வரும்.